நாவலா, படமா, மறுகதையா? பழைய காதல் நாவல்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஜேன் ஆஸ்டின் நாவல் ஒன்றுகூடப் படித்ததில்லை. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ முதலில் படமாகப் பார்க்கலாமா, படித்துவிட்டுத்தான் பார்க்கணுமா?

பதில்: தாராளமாகப் பார்த்துவிட்டுப் படியுங்கள். எலிசபெத்தும் டார்சியும் சேர்வார்கள் என்று முன்பே தெரிந்தால் கெட்டுப்போகிற கதை இல்லை இது. புதிதாகப் படிப்பவரைத் திணறடிப்பது பெயர்கள்தான். பென்னட் வீட்டில் ஐந்து பெண்கள். ‘மிஸ் பென்னட்’ என்றால் மூத்தவள் ஜேன், தங்கைகளுக்கு மட்டும் பெயர் சேர்த்துச் சொல்வார்கள். முகங்கள் மனதில் பதிந்துவிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

1995இல் வந்த பிபிசி தொடர் 6 பகுதிகள், ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். நாவலின் 61 அத்தியாயங்களில் நடப்பதில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஜோ ரைட் எடுத்த படம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அழகான படம்தான். ஆனால் டார்சியைப் பற்றி எலிசபெத்திடம் பொய் சொல்லும் விக்கம் என்ற இளைஞனுக்கு அதில் காட்சிகள் குறைவு. அவனை எலிசபெத் ஏன் அவ்வளவு நம்பினாள் என்பது நமக்குள் இறங்குவதற்கு முன்பே அவன் போய்விடுகிறான். அவளுடைய தவறு சின்னதாகத் தெரிந்தால், அவள் திருந்துவதும் சின்னதாகத்தான் தெரியும். அதனால் நான் தொடரையே சொல்வேன்.

பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். டார்சி முதல்முறை காதலைச் சொல்லி அவள் மறுக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, நாவலில் 34, 35, 36 அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். 35 அவன் எழுதும் கடிதம். 36இல் அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறாள். திரையில் கடிதம் குரலாகவும் பழைய நிகழ்ச்சிகளாகவும் ஓடிவிடும். ஒரு மனம் தன்னைத் தானே விசாரிப்பதை எழுத்தில்தான் பார்க்க முடியும். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: டார்சி குளத்தில் குதித்துவிட்டு ஈரச் சட்டையோடு வருவாரே, அது எந்த அத்தியாயம்? தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பதில்: நாவலில் கிடையாது. 43ஆம் அத்தியாயத்தில், எதிர்பார்த்ததற்கு ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பும் டார்சி பெம்பர்லி தோட்டத்தில் எதிர்ப்படுகிறார், அவ்வளவுதான். குளம் 1995 தொடருக்குத் திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது. 2005 படத்தில் கொட்டும் மழையில் நடக்கும் மறுப்பும் அப்படித்தான். நாவலில் அது பாதிரியார் வீட்டு அறைக்குள் நடக்கிறது. நாவல் பெரும்பாலும் எலிசபெத்தின் பக்கமே நிற்பதால் டார்சியின் மனம் நமக்கு மூடியே கிடக்கும். அந்த மூடலை உடைக்கத் திரைக்குத் தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது.

கேள்வி: ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ உண்மையிலேயே ஆஸ்டின் கதையா அக்கா? பாட்டெல்லாம் மனப்பாடம், நாவல் பக்கம் போனதே இல்லை.

பதில்: ஆமாம். ராஜீவ் மேனன் 2000இல் இயக்கிய அந்தப் படத்தின் மூலம் 1811இல் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. தபுவின் சௌம்யாதான் நாவலின் அக்கா எலினார், ஐஸ்வர்யா ராயின் மீனாட்சி தங்கை மரியான். மம்மூட்டியின் மேஜர் பாலா கர்னல் பிராண்டன், அப்பாஸ் வில்லபி, அஜித் எட்வர்ட். ஷாமிலி நடித்த கடைக்குட்டிக்குக்கூட மூலத்தில் மார்கரெட் என்று ஒருத்தி உண்டு.

மாற்றங்களைக் கவனித்தால் தழுவல் என்ற வேலையே புரியும். நாவலில் எட்வர்ட் விலகி நிற்கக் காரணம், வேறொரு பெண்ணுக்கு ரகசியமாகக் கொடுத்த வாக்கு. இன்றைய பார்வையாளர், “அதைச் சொல்லி முடித்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்பார். படம் அந்த இடத்தில் சினிமா இயக்குநராகும் லட்சியத்தை வைத்தது. பிராண்டனுக்கு வயது 35, மரியானுக்கு 16; நாவலில் அந்த வயதுதான் அவளுக்குத் தடை. படத்தில் போரில் காலை இழந்த ராணுவ வீரரின் கசப்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டிலும் வீட்டை இழந்த பெண்கள் என்ற அடித்தளம் மாறவில்லை. அதை அசைத்திருந்தால் மற்ற எதுவும் நின்றிருக்காது.

நாவலுக்குள் நுழைய 2ஆம் அத்தியாயம் போதும். தங்கைகளுக்குக் கொடுக்க நினைத்த 3,000 பவுண்டை, அண்ணன் மனைவி பேசிப் பேசியே ஒன்றுமில்லாமல் ஆக்கும் இடம். சில பக்கங்கள்தான், படித்துப் பாருங்கள். எம்மா தாம்ப்சன் திரைக்கதை எழுதி ஆங் லீ இயக்கிய 1995 படத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ‘ஜேன் அயர்’ எதில் தொடங்குவது மேடம்? 2011 படம் கையில் இருக்கிறது.

பதில்: இதற்கு மட்டும் வரிசையை மாற்றுங்கள். சார்லட் பிராண்டேயின் இந்த நாவலில், ஜேன் ஆசிரியையாக வேலைக்குப் போகும் தார்ன்ஃபீல்டு வீட்டில் ஒரு ரகசியம் உண்டு. அது தெரியாமல் படிக்கும் வாய்ப்பு ஒருமுறைதான். 26ஆம் அத்தியாயம் முடியும்வரை எந்தப் படத்தையும் தொடாதீர்கள், முன்னோட்டக் காட்சி, பதிப்பின் முன்னுரை உட்பட. முன்னுரைகள் கதை தெரிந்தவர்களுக்காக எழுதப்படுபவை, கடைசியில் படித்துக்கொள்ளலாம்.

2011 படம் ஜேன் அந்த வீட்டைவிட்டு ஓடுவதில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. அதனால் முதல் 10 அத்தியாயங்களின் குழந்தைப் பருவம் துண்டுதுண்டாகத்தான் வரும். அந்தப் பட்டினியும் அவமானமும் நமக்குள் இறங்கினால்தான், பின்னால் அவள் அந்த வீட்டின் எஜமானர் ராச்செஸ்டரிடம் சமமாக நின்று பேசும் பேச்சுக்குக் கனம் வரும். 2006இன் 4 பகுதித் தொடர் இருவரின் உரையாடலுக்கு நிறைய நேரம் தருகிறது. நாவலின் வசனமே வேண்டுமென்றால் 1983இன் 11 பகுதித் தொடர். ஜெமினி கணேசன், காஞ்சனா நடித்த ‘சாந்தி நிலையம்’ (1969) இந்தக் கதையின் சாயலில் வந்ததுதான். அதைப் பார்த்தவர்களுக்குச் சில இடங்கள் பழகியதாகத் தோன்றும்.

ஜீன் ரீஸ் 1966இல் எழுதிய ‘வைட் சர்காசோ சீ’ இதன் முன்கதை. அருமையான நாவல். ஆனால் ரகசியத்தின் மறுபக்கத்திலிருந்து எழுதப்பட்டது என்பதால் கண்டிப்பாக இரண்டாவதாகத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: ‘வுதரிங் ஹைட்ஸ்’ 1939 படம் பார்த்தேன். இப்போது நாவலில் பாதிக்கு மேல் புதிதாக இருக்கிறது. தவறான பதிப்பா?

பதில்: பதிப்பு சரிதான். எமிலி பிராண்டேயின் இந்த நாவலில் மொத்தம் 34 அத்தியாயங்கள். 1939 படம் ஏறக்குறைய பாதியோடு முடிகிறது. அடுத்த தலைமுறையின் கதை வேண்டுமென்றால் 1992 படம். தாய்க்கும் மகளுக்கும் கேத்தரின் என்றே பெயர். லின்டன் என்பது ஒரு குடும்பப் பெயர், ஒரு பையனின் பெயரும்கூட. இரண்டு வீடுகளுக்கும் ஒரு வம்சாவளி வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நவீன மறுகதைகள் சில பிரமாதமாக இருக்கின்றன, சில சப்பென்று இருக்கின்றன. எதனால்?

பதில்: மூலத்தில் காதலைத் தடுப்பது எது, அதற்குப் பதிலாக இன்று எதை வைத்திருக்கிறார்கள்? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 1813இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ஸில் கடைசித் தங்கை லிடியா ஓடிப்போனால் நான்கு சகோதரிகளின் திருமண வாய்ப்பும் அழியும். இன்று அதே நிகழ்ச்சிக்கு அந்தப் பயம் இல்லை. 2012–13இல் யூடியூபில் 100 சிறு பகுதிகளாக வந்த ‘லிஸ்ஸி பென்னட் டைரீஸ்’ அங்கே அந்தரங்க வீடியோவை வெளியிடும் மிரட்டலை வைத்தது. அவமானத்தின் அளவு சரியாகப் பொருந்திவிட்டது.

ஆஸ்டினின் ‘எம்மா’வைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ‘க்ளூலெஸ்’ (1995) இன்னொரு நல்ல உதாரணம். ஊர் முழுக்கத் தன் சொல்லைக் கேட்கும் என்று நம்பும் பணக்காரப் பெண்ணுக்குப் பள்ளியின் அந்தஸ்துப் படிநிலையைவிடப் பொருத்தமான இடம் ஏது? மாறாக ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலிலிருந்து 2022இல் வந்த படம் ஆடையையும் காலத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, கதாநாயகி ஆனைக் கேமராவைப் பார்த்துப் பேசவிட்டது. எட்டு ஆண்டுகளாக மனதில் இருப்பதை யாரிடமும் சொல்லாதவள் அவள். அந்த மௌனம் போனபின், அவளுடைய பழைய காதலன் 23ஆம் அத்தியாயத்தில் எழுதும் கடிதம் வெறும் செய்தியாகிவிடுகிறது. அந்த நாவலுக்கு 1995 படத்தைப் பாருங்கள்.

கேள்வி: அத்தியாய எண் சொல்கிறீர்கள், என் பிரதியில் அந்த எண்ணே இல்லையே! ஆங்கிலமும் கொஞ்சம் கடினமாக இருக்கிறது.

பதில்: ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ முதலில் 3 தொகுதிகளாக வந்தது. சில பதிப்புகள் ஒவ்வொரு தொகுதியிலும் 1இலிருந்து எண்ணும். முதல் தொகுதியில் 23, மற்ற இரண்டிலும் 19 அத்தியாயங்கள். ஆக 34 என்பது இரண்டாம் தொகுதியின் 11. 43 என்பது மூன்றாம் தொகுதியின் 1. வாங்கும்போது ‘சுருக்கப்பட்டது’ என்ற சொல் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது எழுத்தாளரின் கிண்டல்தான்.

ஆஸ்டின், பிராண்டே சகோதரிகள் நாவல்கள் பதிப்புரிமை முடிந்தவை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழுதாக இலவசம், லிப்ரிவாக்ஸில் ஒலிநூலும் இலவசம். ஆங்கிலம் தடுக்கிறதென்றால் தொடரை ஆங்கில சப்டைட்டிலோடு ஒரு பகுதி பாருங்கள், பிறகு அதற்குரிய அத்தியாயங்களை ஒலிநூலில் கேட்டபடியே வரியைக் கண்ணால் தொடருங்கள். நீளமான வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்பதை வாசிப்பவரின் குரலே காட்டிக்கொடுக்கும். அகராதியைத் தேடி நிறுத்தாதீர்கள். ஒரே சொல் மூன்றாவது முறை வந்து நின்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.