மினியேச்சர் பொம்மைக்கு ப்ரைமர் எதற்கு? எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பூசுவது?

ப்ரைமர் என்பது வண்ணத்துக்கு முன் பூசும் மெல்லிய அடிப்பூச்சு. பொம்மை செய்யும் பிளாஸ்டிக், ரெசின் (செயற்கைப் பிசின்), உலோகம் எல்லாமே வழவழப்பானவை. அவற்றில் அக்ரிலிக் வண்ணத்தை நேரடியாகப் பூசினால் திட்டுத் திட்டாக ஒதுங்கும். காய்ந்த பிறகும் விரல் பட்டால் உரியும். ப்ரைமர் அந்தப் பரப்பைப் பிடித்துக்கொண்டு, மேலே வரும் வண்ணத்துக்கு நுண்ணிய சொரசொரப்பைத் தருகிறது. வாசலைச் சாணம் தெளித்து மெழுகிவிட்டுக் கோலம் போடுகிறோமே, அதே கதைதான். தஞ்சாவூர் ஓவியத்திலும் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசிய பிறகே வண்ணம்.

நிறத்துக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். சாம்பல் எதற்கும் ஒத்துப்போகும். மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று வர வெள்ளை, இரும்புக் கவசத்துக்குக் கறுப்பு.

காவிரி டெல்டாவில் உண்மையான தலைவலி ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் அடித்தாலோ, துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல் மணலாக விழும் (ஒரு குதிரை வீரனை இப்படித்தான் பாழாக்கினேன்). அடைமழை நாட்களில் தூரிகையால் பூசும் ப்ரைமரே மேல். மற்றபடி, பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, ஸ்ப்ரேயை 20–30 செ.மீ. தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு இரண்டு மெல்லிய பூச்சு.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் அடியிலுள்ள நிறமே தெரியாத அளவுக்கு மூட வேண்டியதில்லை; கெட்டியாக அடித்தால் பொம்மையின் கண்ணும் மூக்கும்தான் மறையும்.