போர்வெல் தண்ணீரின் உப்பு நத்தையைத் தடுக்குமா? – கேள்வி பதில்

நன்னீர் நத்தைகள் பற்றியும் தண்ணீரின் உப்பு பற்றியும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காரிமங்கலம்: சார், எங்க போர் தண்ணி டிடிஎஸ் 1800 காட்டுது. இந்த உப்புல வெளிநாட்டு நத்தை பிழைக்காதுங்கறாங்களே, நிஜமா?

நன்றாகவே பிழைக்கும். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. 1800 என்றால் லிட்டருக்கு 1.8 கிராம். கடல்நீரில் 35 கிராம் இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து 1980 வாக்கில் தைவானுக்கும் அப்புறம் பிலிப்பைன்ஸுக்கும் வளர்த்துச் சாப்பிடக் கொண்டுபோய், கடைசியில் நெல் வயலை மேயவிட்ட தங்க ஆப்பிள் நத்தை, கிட்டத்தட்ட 6, 7 கிராம் வரை தாக்குப்பிடிக்கும்.

நன்னீர் நத்தையின் ரத்தத்தில், சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் வெளித்தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் ஊறுகிறது. அதை வெளியே தள்ளுவதே அதன் சிறுநீரகத்துக்கு முழுநேர வேலை. தண்ணீரில் கொஞ்சம் உப்பு ஏறினால் இந்த வேலை குறையும். வெளியே இருக்கும் உப்பு ரத்தத்தின் உப்பைத் தாண்டும்போதுதான் கதை தலைகீழாகி, உடம்பின் நீர் வெளியே போக ஆரம்பிக்கிறது. நியூசிலாந்து சேற்று நத்தைக்கு 5 கிராம் உப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. உப்பு குறைந்த பால்டிக் கடலிலேயே குடியேறிவிட்டது.

இன்னொன்று, உங்கள் டிடிஎஸ்ஸில் இருப்பது சோற்று உப்பு மட்டுமல்ல. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பும் அதில் சேர்த்தி. நத்தை ஓடு கட்டுவதே அதில்தான்.

பாலக்கோடு: 20 சென்ட் மீன் குட்டை முழுக்க நத்தைங்க. உப்பு கொட்டிடலாமா?

கணக்குப் போடுவோம். 20 சென்ட், ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் 8 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 7 கிராம் வீதம் ஐந்தரை டன்னுக்கு மேல் ஆகும், அதாவது 50 கிலோ மூட்டை நூற்றுக்கு மேல். கட்லா, ரோகு என்ன ஆகும்? பக்கத்துக் கிணறு என்ன ஆகும்? வேண்டாம் தம்பி.

காவேரிப்பட்டினம்: ஐயா, கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைத் தண்ணி பாயுற வயல். நட்ட நாத்தை நத்தை தின்னுது. உப்புத் தூவினா?

முதலில் சாவது உங்கள் நெல். மண்ணின் உப்பைக் காட்டும் அளவான மண் சாற்றின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன் தாண்டினாலே நெல் மகசூல் இறங்கத் தொடங்கும். நத்தை அசையாது.

எந்த நத்தை என்று பாருங்கள். நம் ஊர் ஆப்பிள் நத்தை வரப்பின் ஈர மண்ணில் வெள்ளை முட்டை இடும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் தண்டிலோ சுவரிலோ ரோஸ் நிறத்தில் கொத்தாக முட்டை ஒட்டியிருந்தால் அது வெளியூர்ச் சரக்கு. வெறுங்கையால் தொடாமல் தண்ணீருக்குள் சுரண்டித் தள்ளுங்கள். மூழ்கிக் கிடந்தால் பொரிக்காது. படமெடுத்து வேளாண்மை அலுவலகத்தில் காட்டுங்கள்.

எதுவானாலும் மடைவாயில் வலை கட்டுங்கள். நாற்று தடிக்கும்வரை, முதல் மூன்று வாரம், தண்ணீரை மெல்லிசாக வையுங்கள். தண்ணீர் குறைந்தால் நத்தைக்கு நடமாட்டம் குறையும். பப்பாளி இலையை அங்கங்கே போட்டால் வந்து மொய்க்கும், விடியற்காலையில் பொறுக்கிவிடலாம்.

ஓசூர்: மீன் தொட்டிக்கு வாங்குன செடியில குட்டி நத்தை இருக்கு சார். உப்புத் தண்ணியில முக்கினா போதுமா?

நத்தையின் ஓட்டு வாயை அடைக்க, கதவு மாதிரி ஒரு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டின் கூர்முனையை மேலே வைத்து வாயை உங்கள் பக்கம் திருப்பினால், வாய் இடப்பக்கம் இருந்து, மூடியும் இல்லையென்றால் பெரும்பாலும் அது ஃபைசா. வட அமெரிக்காவிலிருந்து வந்து உலகமெல்லாம் பரவியது. மூடி இல்லாததால் உப்பு சீக்கிரம் தாக்கும், ஆனால் அந்த உப்பு செடியையும் சேர்த்து வாட்டும். நீளமாக, திருகாணி மாதிரி இருந்தால் அது நம் நாட்டுக்காரன் மெலனாய்ட்ஸ். கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் சோர்ந்துபோகும் வரை உள்ளேயே இருக்கும். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும், ஒன்று தப்பினால் போதும். கையால் நசுக்குவதுதான் வழி. தொட்டித் தண்ணீரை மட்டும் ராமநாயக்கன் ஏரியில் ஊற்றாதீர்கள்!

அரூர்: எங்க ஊர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். அது நத்தையைக் கொல்லுமா?

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் நமக்குப் பல் கெட ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் எலும்பும் போகும். உப்புக் கணக்கில் அது தூசு, நத்தையைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

பென்னாகரம்: காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் நடுவுல கடல்தானே இருக்கு? ஒரு ஆத்து நத்தை இன்னொரு ஆத்துக்கு எப்படிப் போகும்?

நல்ல கேள்வி. கடல்வழியாகத் தானாகப் போவது கஷ்டம். முகத்துவாரத்தில் உப்பு ஏறும் இடமே நன்னீர் நத்தைக்கு வேலி. பெருவெள்ளம் வந்து முகத்துவாரம் சில நாள் நன்னீராகும்போது அந்த வேலி கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஆற்றுத் தண்ணீரும் நம் மாவட்டங்களிலேயே ஓடுகிறது. ஒகேனக்கல் பக்கம் காவிரியில் நனைந்த வலையைக் காயவைக்காமல் தென்பெண்ணையின் கிருஷ்ணகிரி அணையில் வீசினால் கடலைச் சுற்றவே வேண்டாம். மீன்குஞ்சு வாங்கும்போதும் அந்தத் தண்ணீரை வடிகட்டிப் பார்த்துவிட்டு விடுங்கள்.