போனஸ் தருகிறோம் என்கிறார்கள்: ஒப்பந்தத்தில் எப்படி எழுதி வாங்குவது?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கப் பக்கங்கள் எழுதித் தரும் வேலை ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். நான் மாதம் 60,000 ரூபாய் கேட்டேன். மாதம் 50,000 தருகிறோம், வேலை முடிந்ததும் நிர்வாகத்துக்குத் திருப்தி ஏற்பட்டால் 80,000 ரூபாய் வரை போனஸ் தருகிறோம் என்கிறார்கள். வேலையைப் பிடித்துக் கொடுத்தவர், ஒப்பந்தம் தன் பெயரில் இருக்கட்டும் என்கிறார். சம்மதிக்கலாமா? அதிகம் பேசினால் வேலை கைநழுவிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.”

முதலில் கணக்கைப் பாருங்கள். மாதம் 60,000 வீதம் ஆறு மாதத்துக்கு 3,60,000 ரூபாய். அவர்கள் சொல்லும்படி 3,00,000 ரூபாய் சம்பளம், 80,000 போனஸ், ஆக 3,80,000. அதாவது, உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கக்கூடியது 20,000 ரூபாய்தான்; போனஸ் என்று காட்டப்படும் தொகையில் மீதி 60,000 நீங்கள் கேட்ட கூலியிலிருந்தே பிடித்து வைக்கப்பட்டது. இருபதாயிரம் வரக்கூடும் என்பதற்காக அறுபதாயிரத்தைப் பணயம் வைக்கச் சொல்கிறார்கள். போதாததற்கு “80,000 ரூபாய் வரை” என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும் அந்த வாசகம் நிறைவேறிவிடும்.

ஓணம் போனஸ், தீபாவளி போனஸ் என்று கேட்டுப் பழகிய நம் பக்கத்து ஆட்கள், இதற்கும் ஏதோ சட்டப் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். 8.33 சதவீதத்துக்குக் குறையாமல் போனஸ் தர வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்ததும், 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதை ஏற்றுக்கொண்டதும் ஊழியர்களுக்காக. தனித்து ஒப்பந்தத்தில் வேலை செய்யும் உங்களுக்கு அதில் இடமில்லை. ஒப்பந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதுவே உங்கள் சட்டம்.

அந்தத் தாளில் “நிர்வாகத்தின் திருப்திக்கு உட்பட்டு” என்று இருந்தால், கையில் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் வழியில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. “என் வெள்ளைக் குதிரையை 500 ரூபாய்க்கோ 1,000 ரூபாய்க்கோ விற்கிறேன்” என்ற உடன்பாட்டைச் சட்டமே உதாரணம் காட்டி, எது விலை என்பதற்கு ஆதாரம் இல்லாததால் அது செல்லாது என்று முடிக்கிறது. ஆகவே, எவ்வளவு தொகை, எதற்காக, எந்த நாளுக்குள் என்ற மூன்றையும், உங்களையோ நிறுவனத்தையோ அறியாத ஒருவர் தாளைப் படித்தே கணக்கிட்டுச் சொல்லும்படி எழுத வேண்டும். இணையதளத்தால் விற்பனை கூடினால் போனஸ் என்று அவர்கள் பேச்சை மாற்றினால் ஏற்காதீர்கள். பம்ப் செட் விற்பது மழையையும் விலையையும் பொறுத்தது, உங்கள் கையில் இருப்பது பக்கங்கள் மட்டும்தான்.

வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும் (38,000 என்ற தொகை எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்): “இணைப்பில் கண்ட பக்கங்கள் அனைத்தையும் குறித்த தேதிக்குள் ஒப்படைத்தால், மாதக் கட்டணத்துக்கு மேல், வரிப் பிடித்தத்துக்கு முன்பாக 38,000 ரூபாய் நிறுவனம் தர வேண்டும். ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஏற்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தொகை தரப்படும். நிறுவனம் விவரங்களைத் தருவதில் தாமதித்த ஒவ்வொரு நாளும் கெடுவுடன் சேர்க்கப்படும். நிறுவனம் இடையில் வேலையை நிறுத்தினால், முடிந்த பக்கங்களின் விகிதத்தில் இத்தொகையும் தரப்படும்.” தாமத நாட்களைப் பற்றிய வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பம்பின் படமும் விவரக் குறிப்பும் மூன்று வாரம் கழித்து வரும். கெடு மட்டும் அசையாமல் நிற்கும். முடிவில் தாமதம் உங்களுடையது என்பார்கள்.

இனி அந்த இடைத்தரகர். ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தால் நிறுவனம் தர வேண்டியது அவருக்குத்தான். போனஸ் வந்ததா, எவ்வளவு வந்தது என்று அவர் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். “கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வேலை போகிறது, மாநிலம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், உங்களிடம் அது இல்லை, என் பெயரில் போட்டுக்கொள்கிறேன்” என்பது இவர்கள் வழக்கமாகக் காட்டும் பூச்சாண்டி. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. மாநிலம் கடந்து வழங்குபவர் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. ஆனால், சேவை வழங்குபவர்களுக்கு 2017 அக்டோபரிலேயே ஓர் அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது: நாடு முழுவதும் சேர்த்து உங்கள் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, மாநில எல்லையான வாளையாறுக்கு அந்தப் பக்கம் சேவை வழங்குவதற்காக மட்டும் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதிக் கொடுப்பதும் வடிவமைத்துக் கொடுப்பதும் சேவை. இந்த ஒப்பந்தத்தில் போனஸையும் சேர்த்தால்கூட நான்கு லட்சத்தை எட்டவில்லை. வேறு வரவுகளையும் கூட்டிப் பார்த்து 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துவிடலாம். ஆந்திரத்தின் நகரியிலிருந்து சென்னை நிறுவனங்களுக்கு வேலை செய்யும் நம்மவர்களுக்கும் விதி இதுதான். தரகருக்கு அவருடைய கமிஷனை ஒரு முறை பேசிக் கொடுத்துவிடுங்கள். அது போனஸ் தொகைக்குப் பொருந்தாது என்று அவரிடம் ஒரு வரி எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் நேரடியாக இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முன்பே செய்ய வேண்டிய இன்னொன்று, சிறு தொழில் செய்பவர்கள் மத்திய அரசின் தளத்தில் செய்துகொள்ளும் உத்யம் பதிவு. 2020 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள இந்தப் பதிவுக்கு அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. ஆனால், அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தளங்களை நடத்தி ஆயிரக்கணக்கில் வசூலிப்பவர்கள் இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாகியும் அவற்றை ஒழிக்க அரசுக்கு முடியவில்லை. பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு, எழுத்தில் எந்தக் கெடு போட்டிருந்தாலும், வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியுடன் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். மேலே சொன்னபடி எழுதப்பட்ட போனஸை இந்தச் சட்டத்தின் கீழ் பாக்கியாகக் கேட்கலாம். “நிர்வாகத்தின் திருப்தி” போனஸை எங்கும் கேட்க முடியாது. ஒப்பந்தத்துக்குப் பின் பதிவு செய்தவர் பழைய பாக்கிக்கு இந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. அதில் பின்னர் மாறுபட்ட பார்வைகளும் எழுந்திருக்கின்றன. அந்த விவாதத்துக்குள் போகத் தேவையே இல்லாதபடி இன்றே பதிவு செய்துவிடுங்கள்.

பாக்கி விழுந்தால் வழக்கப்படி கோயம்புத்தூருக்குப் போகாதீர்கள். இத்தகைய பாக்கிகளைத் தீர்த்துவைக்க அதே சட்டத்தின் கீழ் மாநில அரசு அமைக்கும் கவுன்சில் இருக்கிறது; விற்றவர் அல்லது சேவை தந்தவர் இருக்கும் இடத்தின் கவுன்சிலுக்கே அதிகாரம் என்பதால், வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் நீங்கள் முறையிட வேண்டியது கேரளத்தின் கவுன்சிலில். ஒப்பந்தத்தில் “கோயம்புத்தூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்” என்று இருந்தாலும் இந்த வழி அடைபடாது. 90 நாட்களில் தீர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் கவுன்சிலின் கோப்பு அறையைப் பார்த்திருக்க மாட்டார்கள் போலும். அதனால்தான் போனஸைப் பெரிதாக்குவதைவிட மாதக் கட்டணத்தை உயர்த்துவதிலேயே உங்கள் பேரத்தைச் செலவிடச் சொல்கிறேன்.

வேலை போய்விடுமோ என்ற அச்சத்துக்கு என் பதில்: அவர்கள் சொன்ன மொத்தத் தொகையில் ஒரு ரூபாயும் கூட்டிக் கேட்காதீர்கள். “3,80,000 என்பது எனக்குச் சம்மதம். மாதம் 57,000 ரூபாயாகவும், குறித்த தேதிக்குள் முடித்தால் 38,000 ரூபாயாகவும் பிரித்துத் தாருங்கள்” என்று மேற்கண்ட வாசகத்தையும் சேர்த்து மின்னஞ்சலில் எழுதுங்கள். போனஸ் தர உண்மையில் எண்ணமிருக்கும் நிறுவனத்துக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. மாதத் தொகையில் ஒன்றிரண்டாயிரம் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். நிர்வாகத்தின் திருப்தி என்ற சொற்களை நீக்கவே முடியாது என்றால், போனஸே வேண்டாம், நான் முதலில் கேட்ட 60,000 ரூபாயைத் தாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டு எழுதினால் அதுவும் செல்லுபடியாகும் ஒப்பந்தமே. முத்திரைத்தாள் வாங்கித் தருகிறேன் என்று தரகர் மறுபடியும் வந்து நின்றால், தேவையில்லை என்று அனுப்பிவிடுங்கள்.