வலது கால்

ஐயா,

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. டிஜிட்டல் பியானோ வாங்கி, ஓர் ஆசிரியரிடம் கற்று வருகிறேன். போன மாதம் சொந்தமாக நான்கு நிமிடத் துண்டு ஒன்று அமைத்தேன். காலையில் குளித்து முடித்து, போக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதற்கு விதை. பதிவை இணைத்திருக்கிறேன். கேட்ட நண்பர்கள் 'தூக்கம் வருகிறது' என்கிறார்கள். பாராட்டா என்று தெரியவில்லை. இதற்கு என்ன பெயர் வைக்கலாம்? பின்னால் மழைச்சத்தம் சேர்க்கலாமா? சொந்த வாழ்க்கையை இசையாக்கி மற்றவர் தலையில் கட்டுவது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மழையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம்.

பெயருக்கும் அலையாதீர்கள், தேதியைப் போடுங்கள். ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோ புற்றுநோயோடு இருந்த நாட்களில் நாட்குறிப்புபோலப் பியானோவிலும் சிந்தசைசரிலும் பதிந்தவற்றில் பன்னிரண்டை எடுத்து, '12' என்று 2023 ஜனவரியில் வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த தேதிதான் தலைப்பு. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். மார்ச்சில் காலமானார். மூன்றாவது சந்தேகத்துக்கும் இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது: உங்கள் வலது கால். 'மனதுக்கு இதமான பியானோ' என்று இப்போது வந்து குவிபவற்றின் மேல் எனக்குள்ள எரிச்சலில் பாதி அந்தக் காலைப் பற்றியதுதான். உங்கள் கடிதம் நேரம் பார்த்து வந்து மாட்டிக்கொண்டது.

முதல் பாரில் (தாளத்தின் ஒரு கட்டம்) பெடலை, அதாவது ஒலியை நீடிக்கவிடும் மிதிகட்டையை, மிதித்தவர் ஐந்தாம் பாரில்தான் விடுகிறீர்கள். அதற்குள் டி மைனர், பி ஃப்ளாட், எஃப், சி என்று நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) போய்விட்டன. டி மைனரின் ஏ சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அரைச்சுரம் தள்ளி பி ஃப்ளாட் வந்து விழுகிறது. சி கார்டின் ஈ வரும்போது பழைய எஃப் இடத்தைக் காலி செய்யவில்லை. போதாததற்கு நீளமான ரீவெர்ப் (செயற்கை எதிரொலி) வேறு. தூக்கம் வராமல் என்ன செய்யும்? அமைதி என்று நினைத்துப் புகை போட்டிருக்கிறீர்கள்!

பெடல் கம்பிகளின் மேல் படுத்திருக்கும் டேம்பர்களை, அதாவது ஒலியை அடக்கும் மெத்தைகளை, மொத்தமாகத் தூக்குகிறது, அவ்வளவுதான். தூக்கியபின் அடித்த கம்பியோடு அடிக்காத கம்பிகளும் சேர்ந்து அதிரும். ஆகவே கார்டு மாறும்போது டேம்பர் ஒருமுறை கம்பியைத் தொட்டே ஆகவேண்டும். கையும் காலும் சேர்ந்து இறங்கினால் பழைய கார்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். காலை முன்கூட்டியே எடுத்தால் நடுவில் ஓட்டை விழும். புதிய கார்டு ஒலிக்கும் அதே கணத்தில் காலை எடுங்கள். பழையது அடங்கிவிட்டது என்று காது சொன்னபின், விரல்கள் கட்டையிலேயே இருக்க, மறுபடி மிதியுங்கள். கை இறங்கும்போது கால் ஏறும். குதிகால் தரையிலேயே இருக்கட்டும். ஆசிரியரிடம் நிஜப் பியானோ இருந்தால் அதில் செய்து பாருங்கள்: கீழ்ச்சுரங்களின் கம்பிகள் செம்பு சுற்றிய தடித்த கம்பிகள், சட்டென்று அடங்காது. அங்கே கால் இன்னும் சற்று நேரம் மேலே நிற்கவேண்டும்.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, பாருக்கு ஒரு கார்டு, இடது கை மட்டும். ஒன்று என்னும்போது கால் மேலே, இரண்டில் கீழே. தினம் பத்து நிமிடம். ஒரு வாரத்துக்கு உங்கள் துண்டைத் தொடவே கூடாது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் 'முதல் ஜிம்னோபெடி' என்னும் பியானோத் துண்டை (1888) எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கப் பாட்டுத் தொகுப்புகளில் அதைப் போட்டு நிரப்புகிறார்கள். சாட்டி அதன் தலையில் எழுதியதோ 'மெதுவாக, வலியோடு'. முதல் பாரில் கீழே ஜி, இரண்டாம் தட்டில் மேலே பி, டி, எஃப் ஷார்ப். அடுத்த பாரில் கீழே டி, மேலே ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப் இரண்டுக்கும் பொது. பாருக்குப் பார் பெடல் மாறினால் அந்த ஒரு சுரம் நிற்க, அதன் கீழே தரை மாறுவது கேட்கும். மிதித்தபடியே இருந்தால் டி-யும் சி ஷார்ப்பும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், தரை மாறியதே தெரியாது.

'ஃபெல்ட்' ஒலியை (கம்பளத்துணி வைத்து மழுக்கியதுபோன்ற ஒலி) நீங்கள் தேர்ந்ததில் குற்றமில்லை. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக்கூடாதென்று ஜெர்மன் பியானோக் கலைஞர் நீல்ஸ் ஃப்ராம் கம்பிகளுக்கு முன்னால் கம்பளத்துணி வைத்து வாசித்தார். 2011இல் வந்த அவருடைய தொகுப்புக்கும் 'ஃபெல்ட்' என்றே பெயர். மைக்கைப் பியானோவுக்குள்ளேயே வைத்ததால் கட்டைகளின் சலசலப்பும் சேர்ந்து பதிவானது. துணி சுரத்தின் முனையை மழுக்கும். முனை மழுங்கிய ஒலிக்கு மேல் ரீவெர்ப்பையும் ஊற்றினால் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ரீவெர்ப்பை அணையுங்கள்.

இடது கை பற்றி ஒரு வரி: நடு சி-க்கு ஓர் ஆக்டேவுக்கும் (ஒரு ஸ்தாயிக்கும்) கீழே டி, எஃப், ஏ மூன்றையும் நெருக்கி வைத்தால் உறுமும். எஃப்-ஐ மேலே அனுப்புங்கள்.

மறுபடி பதியும்போது முதலில் பெடல் இல்லாமலே பதிந்து அனுப்புங்கள். மொட்டையாக இருக்கும், பரவாயில்லை. இருபத்துமூன்றாம் பாரில் உங்கள் கால் நழுவியிருக்கிறது. எல்லாம் அடங்கி, விரல் பிடித்திருந்த ஓர் ஏ மட்டும் தனியாக நின்று தேய்கிறது. போக இடமில்லாத உங்கள் காலைப்பொழுது அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாரை மட்டும் திருத்திவிடாதீர்கள்.