மனம்போன போக்கில் ஒட்டுப்போர்வை: கேள்வி பதில்

புத்தகத்தையும் வீடியோவையும் பார்த்து, அளவெடுக்காமல் துண்டு சேர்த்துப் போர்வை தைப்பவர்கள் கேட்டவை. பதில்கள் திருகோணமலையிலிருந்து.

உப்புவெளி: அக்கா, வீடியோவில் அந்தப் பெண் அளவே எடுப்பதில்லை, போர்வை தட்டையாக வருகிறது. எனக்கு நடுப்பகுதி அப்பம்போல் எழும்புகிறது. ஏன்?

பதில்: வெட்டும்போதுதான் அவர் அளவெடுப்பதில்லை. தையலோரத்துக்கு விடும் கால் அங்குலத்தில் நூலளவும் பிசகுவதில்லை. நடு எழும்பினால் சுற்றி வைத்த துண்டு நீளம் போதவில்லை, ஓரம் அலையடித்தால் கூடிவிட்டது. துண்டை இழுத்துப் பிடித்துத் தைக்காதீர்கள். ஒவ்வொரு தையலுக்கும் ஸ்திரிக்கை போட்ட பிறகே அடுத்த துண்டு. சலிப்பூட்டும் வேலை என்பதால் வீடியோவில் அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள். ஸ்திரிக்கையை அழுத்தி எடுங்கள். தேய்த்தால் சரிவாக வெட்டிய ஓரம் இழுபடும்.

கிண்ணியா: வளைவு வெட்டும் படம் புத்தகத்தில் புரியவில்லை.

பதில்: இரண்டு துணிகளின் நல்ல பக்கமும் மேலே இருக்க, ஓரங்களைச் சில அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுங்கள். ஏறிய பகுதிக்குள் இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டி, மிச்சத் துணுக்குகளை அகற்றினால் ஓரங்கள் பொருந்தும். நிலாவெளிக் கரைபோல் மெல்லிய வளைவு போதும். திருகோணமலை உள்துறைமுகக் கரைபோல் நெளிநெளியாக வெட்டப் பார்க்காதீர்கள்.

மூதூர்: எந்த மெஷின் வாங்கலாம்?

பதில்: வீட்டில் இருக்கும் கால் மெஷின் போதும்.

நிலாவெளி: அப்பா காலமாகி ஒரு வருடம். அவருடைய சாரங்கள் பதினொன்று இருக்கின்றன. தைக்கலாமா?

தம்பலகாமம் (இடையில்): இறந்தவர் உடுப்பை வீட்டில் வைக்கவே கூடாது, தங்கச்சி.

பதில்: ஐயா, அமெரிக்காவில், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், மிசூரி பெட்வே இறந்த கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி 1942இல் போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ளத்தான். அவ்வூர்ப் போர்வைகள் 2002இல் ஹியூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர் ஏறின. தங்கச்சி, சாரத்தின் இருக்கைப் பகுதி நைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊடே தெரிந்தால் ஒதுக்குங்கள்.

தம்பலகாமம்: அது அமெரிக்கா.

பதில்: அம்மம்மாவின் பழஞ்சீலையில் ஏணை கட்டியது எந்த நாட்டில்?

தம்பலகாமம்: அம்மம்மா அப்போது உயிரோடு இருந்தார்.

பதில்: சரி, அதில் நீங்கள் வென்றீர்கள். ஆனாலும் பதினொரு சாரத்தையும் எரிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கச்சி தன் அம்மாவைக் கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்கிறேன்.

சாம்பல்தீவு: நைலோன் சீலையைப் பருத்தியோடு சேர்க்கலாமா? எந்த மெஷின் நல்லது?

பதில்: பருத்திக்கான சூட்டில் நைலோன் சுருண்டுவிடும். வேண்டாம். மெஷினுக்கு மூதூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

நிலாவெளி: அம்மா சம்மதித்துவிட்டார், அக்கா. நீலச் சாரத்தில் தொடங்கினேன். நான்காவது துண்டிலேயே கோணிவிட்டது.

பதில்: மூன்றாவதற்கு ஸ்திரிக்கை போட்டீர்களா?