நூற்புழு என்றாலே பயிருக்குக் கேடுதானே, அதைக் காய்கறித் தோட்டத்தில் நாமே விடலாமா?

தாராளமாக விடலாம். வேரில் முடிச்சு போடும் நூற்புழு வேறு, பூச்சியைக் கொல்ல நாம் விடும் நூற்புழு வேறு. ஸ்டைனர்நீமா, ஹெட்டரோராப்டிடிஸ் என்ற இந்த இரு பேரினங்களும் செடியைத் தொடாது. பூச்சியைத்தான் தேடிப் போகும்.

அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். மண்ணில் கிடக்கும் வெட்டுப்புழுவின் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை அங்கே விட்டுவிடும். பெரும்பாலும் இரண்டு நாளில் புழு செத்துவிடும். அந்த உடலையே தின்று நூற்புழு பெருகி, இரண்டு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில் வெளியே வரும். செத்த புழு செங்கல் நிறத்தில் இருந்தால் அது ஹெட்டரோராப்டிடிஸின் வேலை. மண்ணைக் கிளறி அதைப் பார்த்துவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பலாம்.

வெட்டுப்புழு, வண்டுகளின் வேர்ப்புழு போன்ற மண்ணில் வாழும் பூச்சிகளுக்கு நன்றாகக் கேட்கும். இலையில் இருக்கும் அசுவினிக்கு இதை நம்ப வேண்டாம், அங்கே காய்ந்துபோகும்.

பலர் சறுக்குவது தெளிக்கும்போதுதான். இவை உயிருள்ளவை, வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே துவண்டுவிடும். அதனால் மாலையில், மண்ணை முதலில் நனைத்துவிட்டு, சதுர மீட்டருக்குச் சுமார் 2.5 லட்சம் நூற்புழு என்ற கணக்கில் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். தெளிப்பானில் நுண்ணிய வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். கரைசலை அடிக்கடி கலக்கிவிடுங்கள், இல்லையென்றால் அடியில் தங்கிவிடும். அப்புறம் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.