ஸ்டீயரிங் முனகினால் பம்பைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2011 இன்னோவா வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முனகல் கேட்கிறது, கொஞ்சம் கனமாகவும் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் பம்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஆயிலை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா? (வாசகர், மடிப்பாக்கம்)

தாராளமாக. பம்பில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை அதுதான். ஆனால் முதலில் பானெட்டைத் திறந்து பவர் ஸ்டீயரிங் ஆயில் குடுவையைப் பாருங்கள். இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஹோஸ் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். ஸ்டீயரிங் திருப்பத்தை முன் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ராக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையை விரலால் அழுத்துங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ராக் சீல் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண் செலவு.

கசிவு இல்லையென்றால் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டியது கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. நுரைத்தால் காற்று புகுந்திருக்கிறது. குடுவையிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப்பைச் சோதியுங்கள். பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் தண்ணீர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி பானெட் வரை மூழ்கியிருந்தால் இதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) போதும். அமைப்புக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் இருக்கும். கழுவி மாற்ற இரண்டு லிட்டர் வாங்குங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுள்ள வண்டி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பிரேக் ஆயிலை மறந்தும் ஊற்றாதீர்கள், சீல்கள் ஊறிக் கெட்டுவிடும்.

கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆயில் திரும்பிவரும் ஹோஸைக் குடுவையிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். குடுவையில் அது இருந்த துளையை அடைத்துவிடுங்கள். என்ஜினை ஓடவிடாமல், ஒருவர் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்ப, மற்றவர் குடுவை வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் தெளிந்த சிவப்பு விழும்வரை இதைத் தொடருங்கள். சிலர் அவசரத்தில் என்ஜினை ஓடவிட்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். நான் கடுமையாக எதிர்ப்பது இதைத்தான். பம்ப் சில நொடிகளில் குடுவையைக் காலி செய்துவிட்டு வறண்டு ஓடும். நன்றாக இருந்த பம்பும் உள்ளே கீறல் விழுந்து கெடும்.

ஹோஸை மாட்டியபின், என்ஜினை இயக்காமலே பத்துப் பதினைந்து முறை திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு என்ஜினை இயக்கித் திருப்பிப் பாருங்கள். நுரை தெரிந்தால் நிறுத்தி, அடங்கவிட்டு மறுபடி செய்யுங்கள். பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள்.

திருவல்லிக்கேணி போன்ற குறுகலான தெருக்களில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங்கைக் கோடிவரை ஒடித்து அப்படியே பிடித்திருக்காதீர்கள். அழுத்தம் உச்சத்துக்கு ஏறி ஆயில் கொதிக்கும் சூடாகிவிடும். தொட்டவுடன் சற்றே தளர்த்திவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முனகினால் பெல்ட்டின் இறுக்கத்தையும், குடுவையின் அடியில் சல்லடை இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால் மெக்கானிக் சொன்னபடி பம்பை மாற்றலாம்.